உறை பிரிக்காத போன்

என்னிடம் போனைக் கொண்டுவரும் பெண்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தோடுதான் தொடங்குவார்கள். "போன் ரொம்பச் சூடாகுதுக்கா, என்னன்னு பாருங்களேன்." மென்பொருள் சோதனைப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவள் என்பதால் மந்தைவெளியில் எங்கள் தெருப் பெண்கள் ரிச்சி தெருவுக்குப் போவதற்கு முன் என்னிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. அவர்கள் வழியாக அவர்களுடைய தங்கைகள், தோழிகள், கூட வேலை பார்ப்பவர்கள் என்று தி. நகரிலிருந்தும் அடையாற்றிலிருந்தும்கூட வருகிறார்கள். பல நேரம் சூட்டுக்குக் காரணம் பழைய பேட்டரிதான். சில நேரம் காரணம் வேறு. அந்தப் போன் தன் சொந்தக்காரிக்குத் தெரியாமல் வேறு யாருக்காகவோ ராப்பகலாக உழைத்துக்கொண்டிருக்கும்.

அந்த யாரோ ஒருவரை நமக்கு முகமூடி போட்ட திருடனாகவே காட்டிப் பழக்கிவிட்டார்கள். 'தெரியாதவர் அனுப்பும் லிங்கைத் தொடாதீர்கள், ஓடிபியைச் சொல்லாதீர்கள்' என்று வங்கியும் போலீசும் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. நல்ல அறிவுரைதான். ஆனால் என் கைக்கு வந்த போன்களில் பலவற்றின் பூட்டை யாரும் உடைக்கவில்லை. கதவு திறந்தே இருந்தது. அந்தப் பெண்ணுக்குத் திறந்து வைக்கத்தான் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஏமாற்று மென்பொருளைப் பற்றி நாம் பேச வேண்டிய இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மூன்று போன்களைப் பற்றிச் சொல்கிறேன். யார் என்று அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை விட்டுவிட்டேன்.

முதல் போன் மயிலாப்பூரில் மாதவப்பெருமாள் கோயில் பக்கம் இருக்கும் எழுபது வயது தாண்டிய ஓர் அம்மாவுடையது. திரையைத் திறந்தாலே சிவப்பு எழுத்தில் 'உங்கள் போனில் வைரஸ் உள்ளது' என்று எச்சரிக்கை வரும். அதைத் தொட்டால் போனைச் 'சுத்தம்' செய்கிறேன் என்று ஓர் ஆப் இறங்கும். அந்த ஆப் இன்னும் நான்கு விளம்பரங்களைக் கொண்டுவரும். நடந்தது எளிமையானது. பஞ்சாங்கம் பார்க்கப் போன ஏதோ ஒரு இணையதளம், 'அறிவிப்புகளை அனுப்பலாமா?' என்று கேட்டிருக்கிறது. அவர் 'அனுமதி' என்பதைத் தொட்டிருக்கிறார். அதன்பிறகு அந்தத் தளம் அனுப்பும் விளம்பரங்கள் எல்லாம் போனே கொடுக்கும் எச்சரிக்கையைப் போல வேடம் போட்டுக்கொண்டு வந்தன. சுத்தம் செய்ய வந்த ஆப், மற்ற ஆப்களின் மேலே தன் திரையை விரிக்கும் அனுமதியையும் வாங்கிக்கொண்டது. ஒரு ரூபாய்க்குச் சோதித்துப் பாருங்கள் என்று சொல்லி, யுபிஐயில் மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் ஒப்புதலையும் வாங்கியிருந்தது. போனில் வைரஸ் என்று எதுவுமே இல்லை.

சரிசெய்யப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிரௌசரின் அமைப்பில் அந்தத் தளத்தின் அறிவிப்பை நிறுத்தினேன், ஆப்பை நீக்கினேன், யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த ஒப்புதலை ரத்து செய்தேன். அந்தப் பத்து நிமிடமும் அவர் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். "நான்தாம்மா எதையோ தொட்டுட்டேன். பையன்கிட்ட சொன்னா திட்டுவான், உனக்கு எதுக்கு இந்தப் போனுன்னு." மூன்று மாதமாகப் பணம் போய்க்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும். திட்டு வாங்குவதைவிடப் பணம் போவது மேல் என்று இருந்திருக்கிறார்.

இந்திய அரசின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று இணையத்தில் நுகர்வோரை ஏய்க்கும் 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. சந்தாப் பொறி அதில் ஒன்று. விளம்பரத்தை வேறொன்றாக வேடமிட்டுக் காட்டுவது ஒன்று. போனில் வைரஸ் இருக்கிறது என்று பயமுறுத்திப் பணம் பறிப்பதும் ஒன்று. அதாவது அந்த அம்மா தொட்டது எதுவும் அவருடைய தவறே இல்லை. அப்படித் தொடவைப்பதற்கென்றே ஒருவர் உட்கார்ந்து அந்தத் திரையை வடிவமைத்திருக்கிறார். ஆனால் வயதான பெண்ணுக்குத் தொழில்நுட்பம் வராது என்று வீடு ஏற்கெனவே தீர்ப்பு எழுதி வைத்திருப்பதால், அந்த வடிவமைப்பாளரை யாரும் கேள்வி கேட்பதில்லை. அவளுடைய வெட்கமே அவனுக்குக் காவல்.

இரண்டாவது போன் தி. நகர் ரங்கநாதன் தெருவில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் பெண்ணுடையது. 2022 ஜூனில் மகனின் பள்ளிக் கட்டணத்துக்காக ஓர் ஆப்பில் 6,000 ரூபாய் கடன் கேட்டிருக்கிறார். 'செயல்பாட்டுக் கட்டணம்' போகக் கையில் வந்தது 3,900. ஏழு நாளில் 6,000 கட்ட வேண்டும். கடன் வாங்கும்போது அந்த ஆப் கேட்டவை மூன்று: தொடர்பு எண்கள், படங்கள், குறுஞ்செய்திகள். கொடுக்காவிட்டால் அடுத்த திரைக்குப் போகவே முடியாது. எட்டாம் நாள் அவருடைய முகத்தை வேறொரு நிர்வாண உடலில் ஒட்டிய படம், கடை மேற்பார்வையாளருக்கும், கணவரின் அண்ணனுக்கும், மகனின் டியூஷன் டீச்சருக்கும் போனது.

அவர் ஒருவருக்கு நேர்ந்த விதி அல்ல இது. 2021 ஜனவரித் தொடக்கத்தில் சென்னை மத்தியக் குற்றப்பிரிவு போலீசார், இப்படிக் கடன் கொடுத்து மிரட்டி வசூலித்த ஒரு கால் சென்டரைப் பெங்களூரில் கண்டுபிடித்து, இரண்டு சீன நாட்டவர் உட்பட நால்வரைக் கைது செய்தார்கள். அதே மாதம் ரிசர்வ் வங்கி ஒரு பணிக்குழுவை அமைத்தது. அந்தக் குழு 2021 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ஆப் கடைகளில் தேடியபோது சுமார் 1,100 கடன் ஆப்கள் கிடைத்தன. அவற்றில் 600 சட்டவிரோதமானவை. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் ஆப்கள் வாடிக்கையாளரின் தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவுகளையும் கோப்புகளையும் தொடக் கூடாது என்று விதி செய்தது. கூகுள் 2023 மே 31 முதல் தன் பிளே ஸ்டோரில் தனிநபர் கடன் ஆப்களுக்குத் தொடர்பு எண்களையும் படங்களையும் மூடியது. 2025 ஜூலையிலிருந்து, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அறிவித்த கடன் ஆப்களின் பட்டியலை ரிசர்வ் வங்கியின் தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். கடைக்கு வெளியே வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் கோப்பாக வரும் ஆப்களை இந்த விதிகள் தடுப்பதில்லை. அவற்றை இறக்கினால் பழைய கதைதான்.

நம் அம்மாக்கள் அடகுக்கடையில் வளையலையோ தோட்டையோ வைத்துப் பணம் வாங்கினார்கள். மீட்க முடியாவிட்டால் நகை போகும், அவ்வளவுதான். இந்த ஆப் ஒரு குண்டுமணித் தங்கம்கூடக் கேட்கவில்லை. பிணையாக எடுத்துக்கொண்டது அவளுடைய உறவினர் பட்டியலை. கடன் கட்டாத ஆணை அதே கும்பல் 'மோசடிக்காரன்' என்று ஊருக்குச் சொல்லி அவமானப்படுத்தியது. ஆண்களும் அதில் நொறுங்கிப் போனார்கள், உயிரை விட்டவர்களும் உண்டு. ஆனால் கடன் கட்டாத பெண்ணை உடம்பாகக் காட்டினால்தான் வேலை நடக்கும் என்று அந்தக் கும்பலுக்குத் தெரிந்திருந்தது. எந்தச் சந்தையில் எது விலை போகும் என்று தெரிந்து வியாபாரம் செய்தார்கள். அந்த விலையை வைத்தவர்கள் நாம்.

அதனால்தான் அந்தப் பெண்ணின் நாத்தனார் செய்ததை எல்லோரிடமும் சொல்கிறேன். படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தபோது, அண்ணன்கள் எல்லோரும் வாயடைத்துக் கிடக்க, அவர் மட்டும் ஒரு குரல்பதிவு போட்டார். "இது பொய்ப் படம். கடன் ஆப்காரன் பண்ற வேலை. எங்க அண்ணி யாருன்னு எங்களுக்குத் தெரியும். யாருக்காவது இது வந்தா நம்பரைக் குறிச்சு வச்சுட்டு பிளாக் பண்ணுங்க." மிரட்டல் அன்றைக்கே நின்றுவிடவில்லை. இன்னும் இரண்டு வாரம் போன் அடித்தது. ஆனால் பிணையின் மதிப்பு அந்தக் குரல்பதிவோடு பாதியாகக் குறைந்துவிட்டது. அந்த எண்களை வைத்துக்கொண்டுதான் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் புகார் கொடுத்தோம்.

மூன்றாவது போனைப் பற்றி எழுதத்தான் எனக்குத் தயக்கம் அதிகம்.

அடையாறு கஸ்தூரிபா நகரில் இருந்த பெண். ஓஎம்ஆரில் வேலை. போன், கணவர் திருமண நாளுக்குக் கொடுத்த பரிசு. "எல்லாம் போட்டு ரெடியா வச்சிருக்கேன், சும்மா ஆன் பண்ணு" என்று கொடுத்திருக்கிறார். சில வாரங்களில் சாப்பாட்டு மேசையில் கேள்விகள் தொடங்கின. மத்தியானம் யாரோடு ஜூஸ் குடித்தாய், அம்மாவிடம் என்னைப் பற்றி ஏன் அப்படிச் சொன்னாய் என்று. உடன் வேலை பார்க்கும் யாரோ போட்டுக்கொடுக்கிறார்கள் என்று அந்தப் பெண் நினைத்து, ஒவ்வொரு தோழியாக விலகியிருக்கிறார். போன் சூடாகிறது என்று என்னிடம் வந்தபோது அவருக்குப் பேச ஆளே மிச்சமில்லை.

ஆப் பட்டியலில், முகப்புத் திரையில் ஐகானே இல்லாத ஒன்று 'சிஸ்டம் சர்வீஸ்' என்ற பெயரில் இருந்தது. ஆண்ட்ராய்டில் 'அணுகல்தன்மை' என்று ஒரு வசதி உண்டு. பார்வையற்றவர்களுக்குத் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்வதற்காக உருவாக்கியது. அந்த ஆப் அந்த வசதியைப் பிடித்துக்கொண்டு திரையில் வருவதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தது. வாட்ஸ்அப்பில் செய்திகள் பூட்டப்பட்டே பயணிக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் வந்து சேர்ந்த செய்தி திரையில் திறந்தல்லவா இருக்கிறது? பின்னால் நின்று எட்டிப் பார்ப்பவருக்குப் பூட்டை உடைக்க வேண்டிய தேவையே இல்லை. அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதி, இருப்பிடம், ஒலிவாங்கி எல்லாம் கொடுக்கப்பட்டிருந்தன. எளிதில் நீக்கிவிட முடியாதபடி 'சாதன நிர்வாகி' பட்டியலிலும் அது இருந்தது. தீங்கான ஆப்களைத் தேடும் கூகுளின் பிளே புரொடெக்ட் அணைக்கப்பட்டிருந்தது. இவ்வளவையும் செய்யத் தொலைவிலிருந்து முடியாது. போனைக் கையில் வைத்துக்கொண்டு, பூட்டைத் திறந்து, ஒருவர் சில நிமிடம் உட்கார வேண்டும். அப்படி உட்காரக்கூடியவர் வீட்டில்தான் இருப்பார்.

மளிகைச் சீட்டின் பின்பக்கம் 'இப்போது எதுவும் பேச வேண்டாம்' என்று எழிதிக் காட்டினேன். மறுவாரம், போனை அலுவலகத்திலேயே விட்டுவிட்டுக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு வரச் சொன்னேன். விளக்கியபின் அவர் முதலில் சொன்னது இதுதான்: "என்கிட்ட மறைக்க எதுவுமே இல்லையேக்கா."

இந்த வாக்கியத்தை எத்தனை பெண்களிடம் கேட்டிருக்கிறேன்! மறைக்க எதுவும் இல்லை என்று நிரூபிப்பதே நல்ல பெண்ணின் வேலை என்று வளர்ந்திருக்கிறோம். அம்மாவுக்கு எழுதும் செய்தி, தோழியிடம் கொட்டும் ஆத்திரம், தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் குறிப்பு இவையெல்லாம் இரகசியங்கள் அல்ல. ஆனாலும் அவை நம்முடையவை. இந்தியாவில் தாங்களே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருக்கும் பெண்கள் 54 விழுக்காடு என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. மீதிப் பெண்களுக்கு வீட்டுப் போன்தான். சொந்தமாக இருக்கும் போனுக்கும் வாங்கியவர், சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர், கடவுச்சொல் வைத்தவர் என்று பல சொந்தக்காரர்கள்.

இப்படிப்பட்ட உளவு ஆப்களைத் தேடிப் பிடிக்கும் காஸ்பர்ஸ்கை நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கையில், ரஷ்யா, பிரேசிலுக்கு அடுத்து மூன்றாவது இடம் இந்தியாவுக்கு. ஆனால் எல்லாமே உளவுக்கென்று விற்கப்படுபவை அல்ல. 2018இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் உடன் பணியாற்றியவர்களும், துணையை வேவு பார்க்கப் பயன்படும் ஆப்களை ஆராய்ந்தார்கள். பிள்ளைகளின் பாதுகாப்பு, தொலைந்த போனைக் கண்டுபிடித்தல் என்று நல்ல காரணத்துக்காகச் செய்யப்பட்ட ஆப்களே அதில் பெரும்பகுதி என்று தெரியவந்தது. நம் ஊரிலும் அப்படித்தான். அடையாற்று விடுதிகளில் தங்கியிருக்கும் பெண்களில் எத்தனை பேரின் இருப்பிடம், 'பத்திரமா இருக்கணும்னுதாண்டி' என்ற சொல்லோடு, ஊரில் இருக்கும் அண்ணனின் வரைபடத்தில் நாள் முழுக்க ஒரு புள்ளியாக நகர்கிறது! பாதுகாப்பு என்று பெயர் வைத்துவிட்டால் வேவுக்கும் பாசத்துக்கும் ஒரே ஐகான்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டையும் மின்னணுத் தொடர்பையும் ஓர் ஆண் கண்காணிப்பது, 2013 முதல் பின்தொடர்தல் குற்றம். இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவு. முதல்முறைக்கு மூன்றாண்டு வரை சிறை. கணவன் என்றால் குற்றமில்லை என்று அதில் எழுதப்படவில்லை. ஆனால் புகார் கொடுக்கப் போன காவல் நிலையத்தில் அந்தப் பெண்ணைக் கேட்டார்கள்: "புருஷன்தானம்மா பார்த்தாரு, வேற யாராவதா?"

நீதிமன்றங்களும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. பரமக்குடி நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்ட ஒரு கணவர், மனைவியின் அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்து ஆதாரமாகக் கொடுத்தார். 2024 அக்டோபர் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அந்தரங்க உரிமை கணவன் மனைவிக்கு இடையிலும் உண்டு, அதை மீறி எடுத்த ஆதாரம் செல்லாது என்றார். ஒன்பது மாதம்கூட ஆகவில்லை. 2025 ஜூலை 14 அன்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், மனைவிக்குத் தெரியாமல் கணவர் பதிவு செய்த தொலைபேசி உரையாடல்களை விவாகரத்து வழக்கில் ஆதாரமாக ஏற்கலாம் என்று தீர்ப்பளித்தது. ஒருவரையொருவர் வேவு பார்க்கும் நிலை வந்துவிட்டால் அந்த மணவாழ்க்கை ஏற்கெனவே முறிந்துவிட்டதன் அறிகுறிதான் அது என்பது நீதிமன்றத்தின் வாதம்.

இந்தத் தீர்ப்பை என்னால் ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியவில்லை. நாலு சுவருக்குள் அடி வாங்கும் பெண்ணுக்குப் பல நேரம் மிஞ்சும் ஒரே சாட்சி அவள் போனில் இரகசியமாகப் பதிந்த குரல்தான். அந்தப் பதிவைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் எப்படிச் சொல்வேன்? தன்மீது நடக்கும் வன்முறையைப் பதிவு செய்வதும், இன்னொருவரின் போனுக்குள் குடியேறி அவருடைய மூச்சை எண்ணுவதும் ஒன்றாகாது என்பது மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. வேவு என்பது முறிந்துபோன உறவின் அறிகுறி என்று சொல்லும்போது, அதுவே உறவை முறிக்கும் கருவியாகவும் ஒரு பெண்ணைத் தனிமைப்படுத்தும் ஆயுதமாகவும் இருப்பது கண்ணில் படாமல் போகிறது.

உங்கள் போனில் நீங்களே பார்க்கக்கூடியவை சில உண்டு. வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தை முதலில் பாருங்கள். ஒரு நிமிடம் உங்கள் போன் கையில் கிடைத்தால் போதும், வேறொரு கணினியில் உங்கள் உரையாடல்களைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான வேவுக்கு இதற்குமேல் எதுவும் தேவைப்படுவதில்லை. பிறகு கூகுள் கணக்கில் எந்தெந்தச் சாதனங்கள் உள்ளே இருக்கின்றன, கூகுள் மேப்ஸில் இருப்பிடம் யாருக்குப் போகிறது, அமைப்புகளில் அணுகல்தன்மை, அறிவிப்பு அணுகல், சாதன நிர்வாகி ஆகிய மூன்று இடங்களிலும் எந்த ஆப் இருக்கிறது, பிளே புரொடெக்ட் இயங்குகிறதா என்று பாருங்கள்.

ஆனால் வேவு பார்ப்பவர் கை நீட்டுபவராக இருந்தால், கண்டவுடனே நீக்கிவிடாதீர்கள். நீக்கிய கணமே அவருக்குத் தெரிந்துவிடும். ஆதாரமும் போய்விடும். அடையாற்றுப் பெண் நீக்கவில்லை. தோழியின் போனில் அந்தத் திரைகளைப் படமெடுத்து வைத்தார். அலுவலகத் தொலைபேசியிலிருந்து 181க்குப் பேசினார். வங்கிக் கடவுச்சொற்களை வேறு கருவியிலிருந்து மாற்றினார். ஆறு வாரம் அந்தப் போனில் வழக்கம்போல மதியச் சாப்பாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை போனைப் படுக்கையறையில் சார்ஜில் போட்டுவிட்டு, சான்றிதழ்களோடு அம்மா வீட்டுக்குப் போனார். விலக்கி வைத்த தோழிகள் ஒவ்வொருவரையும் அதன்பிறகு நேரில் போய்ப் பார்த்ததாகச் சொன்னார்.

இதைப் படிக்கும் நீங்கள் ஒரு பெண்ணுக்குப் போன் வாங்கிக் கொடுப்பவராக இருக்கலாம். மகளுக்கு, தங்கைக்கு, வயதான அம்மாவுக்கு, மருமகளுக்கு. பாண்டி பஜாரில் வாங்கும்போதே கடைக்காரர் "ஓப்பன் பண்ணி செட் பண்ணித் தரட்டுமா?" என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். உறை பிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுங்கள். முதல் கடவுச்சொல்லை அவளே வைக்கட்டும். தெரியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். அந்த எண்களை அவள் அழுத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.